முதல் கியருக்கு அடுத்தது நான்காவது

கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிளக். உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர், அவ்வளவுதான். அமெரிக்காவில் இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும். மேனுவல் கியர் கிடைத்த 2019 மாடல் வரை, ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து ஷெவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை மேனுவலில் வாங்கிய பலர், வண்டி வீட்டுக்கு வந்ததும் முதலில் தேடியது இதைத்தான். டயர், சைலன்சர் எல்லாம் அப்புறம். பெட்ரோலை மிச்சப்படுத்த, முதல் கியரிலிருந்து நேரே நான்காவதுக்குத் தள்ளும்படி கம்பெனியே வைத்துத் தந்த ஓர் ஏற்பாட்டை முடக்குவது மட்டும்தான் இந்த பிளக்கின் வேலை.

அதே காரின் 2014 முதல் வந்த மாடல்களில் இதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று உண்டு. சீரான வேகத்தில் போகும்போது எட்டு சிலிண்டரில் நான்கு வேலையை நிறுத்திக்கொள்ளும். ஸ்போர்ட்ஸ் காரின் பாதி என்ஜினை அணைப்பதைவிடப் பெரிய குறுக்கீடு என்ன இருக்க முடியும்? ஆனாலும் மேனுவல் கியர் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி அதிகம் முணுமுணுப்பதில்லை. சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள். ஒரே என்ஜின், ஒரே தொழில்நுட்பம், இரண்டு அபிப்பிராயம். "ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவனுக்கு மைலேஜ் எதற்கு?" என்ற வழக்கமான பதில் இந்த வித்தியாசத்தை விளக்குவதில்லை. பெட்ரோல் மிச்சமாவதில் யாருக்கும் வருத்தம் இல்லை. கோபம் வேறெங்கோ பிறக்கிறது. எங்கே என்று பார்க்க ஒவ்வொரு ஏற்பாட்டையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடைத்துக் கிடக்கும் இரண்டாவது கியர்

1989-இல் கார்வெட்டுக்கு இசட்.எஃப். நிறுவனத்தின் ஆறு கியர் பெட்டி வந்தபோதே, அந்த பிளக் முடக்கும் ஏற்பாடும் கூட வந்தது. பிறகு கமாரோ, டாட்ஜ் வைப்பர், மேனுவல் சேலஞ்சர் என்று பெரிய என்ஜின் கொண்ட பல அமெரிக்கக் கார்களுக்குப் பரவியது. ஓட்டுநர்கள் 'ஸ்கிப் ஷிஃப்ட்' என்பார்கள். என்ஜின் சூடாகியிருக்க வேண்டும், கூலன்ட் ஏறத்தாழ 76 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். வண்டி முதல் கியரில் மணிக்கு 24 முதல் 32 கி.மீ. வேகத்தில் இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் கால்வாசிகூட அழுத்தப்படாமல் இருக்க வேண்டும். மாடலுக்கு மாடல் இந்த எண்கள் சற்று மாறும். மூன்றும் சேர்ந்தால் கியர் பெட்டியிலுள்ள, மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு என்ற சிறு பாகம் இரண்டாவது, மூன்றாவது கியர்களின் வழியை அடைத்துவிடும். டாஷ்போர்டில் ஒன்றிலிருந்து நான்குக்குப் போகச் சொல்லி ஒரு விளக்கு எரியும்.

கையில் அது எப்படி இருக்கும் என்பதுதான் முக்கியம். கிளட்சை மிதித்து லீவரை நேர் கீழே இழுக்கிறீர்கள். ஆயிரம் தடவை செய்து பழகிய அசைவு. கண் சாலையில் இருக்கிறது, கை தன் பாட்டுக்குப் போகிறது. வழக்கமாக லீவர் 'டக்'கென்று விழும் இடத்தில் ஒரு சுவர். லீவர் வலப்பக்கம் நழுவி நான்காவதில் போய் உட்கார்கிறது. கிளட்சை விட்டால் என்ஜின் எழுநூறு, எண்ணூறு ஆர்பிஎம்மில் முனகிக்கொண்டு நிற்கிறது. கிட்டத்தட்ட ஐட்லிங் வேகம். 6.2 லிட்டர் என்ஜினுக்கு டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, தாராளம் என்பதால் அணைந்து போகாது, இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் பின்னால் வருகிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கும் அளவுக்கு வேகம் தொய்ந்துவிடும்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சோதனைக்கூடத்தில் காலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே போகும் காருக்கு 'கேஸ் கஸ்லர்' வரி உண்டு. நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.6 கி.மீ. வரி 1,000 டாலரில் தொடங்கி 7,700 டாலர் வரை போகும். சோதனையில் கார் உருளைகளின் மேல் நின்றபடி, எழுதிவைத்த வேகக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும். நகரச் சோதனை முழுக்க நின்று நின்று மெதுவாகக் கிளம்புவதுதான். அப்படிக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கார் தானாகவே நான்காவதுக்குத் தள்ளினால், சோதனையிலும் அந்தக் கியரிலேயே ஓட்டலாம். குறைந்த ஆர்பிஎம், குறைந்த பெட்ரோல், தாளில் நல்ல எண். வரி இல்லாத கார் என்று விற்கலாம். சாலையில் மிச்சமானது என்ன என்று கேட்டால், பலரும் அந்த பிளக்கைப் போட்டுவிடுவதால், பெரிதாக ஒன்றுமில்லை.

இதைத் தாண்ட மூன்று வழி. காசில்லாத வழி, முதல் கியரில் கொஞ்சம் அழுத்தமாகக் கிளம்புவது, அல்லது 32 கி.மீ.யைத் தாண்டும் வரை முதல் கியரிலேயே இருப்பது. அடைத்த வழி திறந்துகொள்ளும். இரண்டாவது, அந்த பிளக். சோலனாய்டின் ஒயரை வெறுமனே கழற்றிப் போட்டால் பி0803 என்ற கோளாறு எண் பதிவாகி செக் என்ஜின் விளக்கு எரியும். ரெசிஸ்டர் அங்கே இருந்தால் கம்ப்யூட்டர் சோலனாய்டு இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மூன்றாவது, ட்யூனிங் மென்பொருளில் ஸ்கிப் ஷிஃப்ட் தொடங்கும் வேகத்தை எட்ட முடியாத எண்ணுக்கு ஏற்றிவிடுவது. வாரண்டி இருக்கும் காருக்கு நான் பிளக்கைத்தான் சொல்வேன். சர்வீஸுக்கு விடும் முன் கழற்றிவிடலாம். ட்யூனிங் கம்ப்யூட்டரில் தடம் விட்டுப் போகும்.

பிளக் போடும்போது நடக்கும் தவறு ஒன்றுண்டு. கியர் பெட்டியில் இரண்டு சோலனாய்டுகள் இருக்கும். ஒன்று ஸ்கிப் ஷிஃப்டுக்கு, மற்றது ஓடும்போது தவறி ரிவர்ஸ் விழாமல் தடுப்பதற்கு. பார்வைக்கு ஒரே மாதிரி. ரிவர்ஸுக்கானதைக் கழற்றிவிட்டால் அடுத்த நாள் காலை ஷெட்டிலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க லீவரோடு மல்லுக்கட்ட வேண்டும். கமாரோவில் கியர் பெட்டி என்ஜினை ஒட்டியே இருப்பதால் வண்டியைத் தூக்கியதும் கை எட்டும். 1997 முதல் வந்த மேனுவல் கார்வெட்டுகளில் கியர் பெட்டி பின் அச்சோடு சேர்ந்து பின்னால் இருக்கிறது. கனெக்டர் எளிதில் கை எட்டாத இடத்தில். ஜாக்கி ஸ்டாண்டில் படுத்துக்கொண்டு தடவித்தான் கழற்ற வேண்டும். லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேர வேலை, வீட்டில் ஒரு மதியம் போகும்.

எட்டில் நான்கு

சிலிண்டர்களை அணைப்பது எப்படிப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்பதில் பலருக்குக் குழப்பம். நான்கு சிலிண்டருக்குப் பெட்ரோல் போகவில்லை, ஆகவே பாதிச் செலவு என்று கணக்குப் போடுவார்கள். காரை நகர்த்தத் தேவையான வேலை குறையவில்லையே! மிச்சமாவது வேறு இடத்தில். ஊசி போடும் சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு இறுகுகிறது என்று. மெதுவாக ஓடும் பெட்ரோல் என்ஜின் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறது. ஒரு கார்வெட் சமதளத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போக 15 முதல் 20 குதிரைத்திறன் போதும். 2014 மாடல் சி7 (ஏழாம் தலைமுறை) கார்வெட்டின் எல்டி1 என்ஜினிடம் 455 இருக்கிறது. ஆகவே என்ஜினுக்குள் காற்று நுழையும் வாயான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். எட்டு பிஸ்டனும் அடைத்த வாயை எதிர்த்துக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுபறிக்கே பெட்ரோல் எரிகிறது. நான்கை விலக்கிவிட்டால் மீதி நான்கும் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும், அதற்கு த்ராட்டில் அகலமாகத் திறக்க வேண்டும். வாய் திறந்ததும் இழுபறி குறைகிறது. மிச்சம் அங்கேதான்.

எந்த நான்கு என்பதில் ஓர் அழகு இருக்கிறது. எல்டி1-இன் எரிப்பு வரிசை 1-8-7-2-6-5-4-3. அணைக்கப்படுபவை 1, 7, 6, 4. வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று. எரிகிற நான்கும் 8, 2, 5, 3 என்று சம இடைவெளியில் வருகின்றன. வண்டி குலுங்காததற்கு இதுதான் காரணம். ஒரு பக்கத்து நான்கையும் அப்படியே அணைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அமெரிக்க வி8-இன் கிராங்க்‌ஷாஃப்ட் அமைப்பில் ஒரே பக்கத்துச் சிலிண்டர்கள் சம இடைவெளியில் எரிவதில்லை, நொண்டியடிக்கும். அதனால் இடப்பக்கம் ஓரத்து இரண்டு, வலப்பக்கம் நடு இரண்டு என்று பொறுக்கி எடுக்கிறார்கள். ஆடியின் 4.0 லிட்டர் வி8-இல் 2, 3, 5, 8 அணையும். அதன் வரிசை 1-5-4-8-6-3-7-2. அங்கேயும் ஒன்றுவிட்டு ஒன்று. லம்போர்கினி அவென்டடாரின் வி12-க்கு இந்தத் தலைவலியே இல்லை. ஒரு பக்கத்தை முழுதாக அணைத்தால் மறுபக்கம் இயல்பாகவே சமநிலையுள்ள ஆறு சிலிண்டர் என்ஜின் ஆகிவிடும்.

அணைக்கும் வேலையைச் செய்வது ஆயில். சுழன்று வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்டுக்கும், அந்தத் தள்ளலை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் புஷ்ராடு என்ற கம்பிக்கும் நடுவில் லிஃப்டர் என்ற சிறு உருளை இருக்கும். இந்த நான்கு சிலிண்டருக்கும் உள்ள எட்டு லிஃப்டரும் தனி வகை. வெளி உருளை, உள் உருளை என்று இரண்டு பாகம், நடுவே ஸ்பிரிங் வைத்த பூட்டு ஊசி. வி வடிவத்தின் நடுப்பள்ளத்தில் இருக்கும் நான்கு சோலனாய்டுகள் திறந்தால் ஆயில் அழுத்தம் அந்த ஊசியை உள்ளே தள்ளும். அதன் பிறகு கேம் எவ்வளவு தள்ளினாலும் வெளி உருளை மட்டும் மேலும் கீழும் போய்வரும். புஷ்ராடு அசையாது, வால்வு மூடியே கிடக்கும். உள்ளே அடைபட்ட வாயுவைப் பிஸ்டன் அமுக்கும், அதுவே திருப்பித் தள்ளும். வாயு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்வதால் பெரிதாக நஷ்டமில்லை.

இதை முதலில் பெரிய அளவில் விற்றது 1981-இல் காடிலாக். எட்டு, ஆறு, நான்கு என்று மாறும் வி8. யோசனை சரி, ஆனால் அன்றைய மைக்ரோபிராசசர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வண்டி இடறியது. டீலரிடம் போய் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு எப்போதும் எட்டிலேயே ஓட்டினார்கள். நாற்பது வருடம் கழித்தும் அமெரிக்க ஓட்டுநர்களின் சந்தேகத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

இப்போது அந்த இரண்டு அபிப்பிராயத்துக்கு வருவோம். மேனுவல் சி7-இல் நான்கு சிலிண்டர் ஓட்டம் சிக்கனத்துக்கான ஈகோ மோடில் மட்டும்தான் வரும். மோடைத் தேர்ந்தெடுக்கும் குமிழைத் திருப்பினால் உண்டு, திருப்பாவிட்டால் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் சாதாரண டூர் மோடிலேயே வந்து வந்து போகும், யாரையும் கேட்காது. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் தானே குமிழைத் திருப்பிய மேனுவல்காரர் டாஷ்போர்டில் வி4 என்று தெரிவதை நிம்மதியாகப் பார்க்கிறார். ஆட்டோமேட்டிக்காரருக்கு அதே எழுத்து எரிச்சல் மூட்டுகிறது.

50 ஹெர்ட்ஸ்

அந்த எரிச்சல் பெரும்பாலும் காது வழியாக வருகிறது. 1,500 ஆர்பிஎம்மில் எட்டு சிலிண்டர் ஓடினால் நொடிக்கு 100 எரிப்பு. நான்கானால் 50. நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் ஒரு 'ம்ம்ம்' கேட்குமே, அது 100 ஹெர்ட்ஸ். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிய ஒலி காருக்குள் நிரம்பினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் தெரியும். ஒரு மணி நேரத்தில் தலை கனத்துவிடும்.

இந்த ஒலியை அடக்குவது சுலபமில்லை. சைலன்சர் குழாயில் ஒரு பக்கக்கிளை வைத்து ஒலியை ஒலியாலேயே அடக்கும் முறைக்கு, கிளையின் நீளம் அலைநீளத்தில் கால்வாசி இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் 100 ஹெர்ட்ஸுக்கு 1.2 மீட்டர் குழாய் போதும். 50 ஹெர்ட்ஸுக்கு 2.4 மீட்டர் வேண்டும். தாழ்வான ஒரு காரின் அடியில் அதற்கு இடமேது? அதனால்தான் சி7-இன் புகைக்குழாயில் நான்கு சிலிண்டர் ஓட்டத்துக்கென்றே மூடித்திறக்கும் வால்வுகளை வைத்தார்கள். ஆடி வேறு வழி பிடித்தது. கூரையில் மைக் வைத்து, ஸ்பீக்கர் வழியாக எதிர் ஒலியை விட்டு, என்ஜின் மவுண்ட்களையும் எதிர்த் திசையில் அதிரவைத்தது.

இங்கே ஓட்டுநர்கள் தாங்களே வரவழைத்துக்கொள்ளும் தொல்லை ஒன்று இருக்கிறது. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிச் சந்தைக் குழாய் போடுகிறார்கள். அதில் இந்த வால்வுகள் இல்லை. உடனே நெடுஞ்சாலையில் உறுமல் தொடங்கிவிடும். "இந்தச் சிலிண்டர் அணைப்பே மோசம்" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். வெளிச் சைலன்சர் வாங்குவதாக இருந்தால் நான்கு சிலிண்டர் வால்வுகளோடு வரும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். விலை கூடும். இல்லாவிட்டால் டாஷ்போர்டின் கீழ், மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. துளையில் செருகும் முடக்கி வாங்கி எப்போதும் எட்டிலேயே ஓட வேண்டியதுதான். அந்த முடக்கி கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் வண்டியை ஷெட்டில் விடுபவர்கள் அதைக் கழற்றி வைக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடலாம்.

இன்னொரு புகாருக்கு முழு நியாயம் உண்டு, அது லிஃப்டர். இந்தப் புகாரில் பெரும்பகுதி ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம்.மின் பிக்கப் டிரக்குகளிலிருந்து வந்ததுதான், என்றாலும் பாகத்தின் அமைப்பு அதேதான். பூட்டு ஊசி பாதியில் சிக்கினால், அல்லது லிஃப்டரின் அடியிலுள்ள உருளி தேய்ந்து நின்றுவிட்டால், கேம்ஷாஃப்டின் முனையையே அரித்துவிடும். முதலில் கேட்பது சீரான 'டிக் டிக்'. பிறகு மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர் எரியாமல் தவறுவது. ஸ்கேனரில் சிலிண்டர்வாரியாக எண்ணிக்கை பாருங்கள். 1, 4, 6, 7-இல் ஏதாவது ஒன்றில் மட்டும் ஏறியிருந்தால் சந்தேகம் லிஃப்டர் மேல்தான். ஸ்பார்க் பிளக், காயில் இரண்டையும் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போட்டும் மிஸ்ஃபயர் அதே சிலிண்டரில் நின்றால் வால்வு கவரைக் கழற்றி என்ஜினைச் சுற்றவிட்டு, வால்வை அமுக்கும் ராக்கர்களைப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாக எழும்பினால் வேறு சோதனை தேவையில்லை.

செலவு ஏன் பயமுறுத்துகிறது என்றால், இந்த என்ஜினில் லிஃப்டரை எடுக்க இரண்டு சிலிண்டர் ஹெட்டையும் இறக்க வேண்டும். பதினாறு லிஃப்டர், அவை உட்காரும் தட்டுகள், ஹெட் கேஸ்கட், ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டிய ஹெட் போல்ட்கள், இன்டேக், எக்ஸாஸ்ட் கேஸ்கட்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் உயர் அழுத்தப் பெட்ரோல் குழாயும் புதிதாகப் போட வேண்டும், கழற்றியதையே திரும்ப மாட்டினால் கசியும். கேம் அரித்திருந்தால் அதுவும். உலோகத் துகள் ஆயிலில் கலந்திருக்குமே, அதைக் கழுவும் வேலை தனி. ஓ.பி.டி. முடக்கி போட்டிருந்தால் இது வராது என்று நினைப்பவர்கள் உண்டு. முடக்கி லிஃப்டரை மாற்றுவதில்லை, இரண்டு பாகமும் பூட்டு ஊசியும் உள்ளேயேதான் இருக்கின்றன. ஊசி வேலை செய்யும் தடவைகள் குறையும், அவ்வளவே. ஆயுளைக் கூட்ட உண்மையில் கைகொடுப்பது ஆயில். காரோடு வரும் கையேட்டில் சொன்ன தரம், சொன்ன தடிமன், அளவு ஒருபோதும் குறையாமல். ஊசியைத் தள்ளுவதே ஆயில் அழுத்தம் என்பதால் இங்கே அழுக்கு ஆயில் மற்ற என்ஜின்களைவிடச் சீக்கிரம் பழிவாங்கும். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள் என்பேன், டாஷ்போர்டு இன்னும் மிச்சம் காட்டினாலும்.

இத்தனைக்கும் மிச்சமாவது எவ்வளவு? வருடத்துக்கு 8,000 கி.மீ., லிட்டருக்கு 9 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 890 லிட்டர். ஏழு சதவீதம் மிச்சமானால் 62 லிட்டர். ஒரு முழு டேங்கை ஒட்டிய அளவு. ஐம்பதாயிரம் டாலர் கார் வைத்திருப்பவரின் பணப்பையில் இது தெரியாது. விற்பனைக்கு வந்த ஒவ்வொரு காரிலும் 62 லிட்டர் என்று பார்க்கும் அரசுக்குத் தெரியும்.

சிக்னலும் இறக்கமும்

நிற்கும்போது என்ஜினை அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஐரோப்பியச் சோதனையில் கார் நிற்கும் நேரமே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அதனால் அந்த ஊர்க் கார்களில் எல்லாம் வந்தது. 2017-இல் தொடங்கிய டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய சோதனையில் நிற்கும் நேரத்தின் பங்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, ஆனால் ஸ்டார்ட்-ஸ்டாப்பும் அதை முடக்கும் பொத்தானும் போகவில்லை. பெரிய வி8 சும்மா நின்றால் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும், அரை நிமிட சிக்னலில் 15 மில்லி. ஓட்டுநர்களின் குறை, ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் அது தானாக இயங்கு நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்பது. காரணம் எளிது. சோதனையில் காரை எந்த நிலையில் ஓட்டி எண் வாங்கினார்களோ, அந்த நிலையில்தான் அது ஒவ்வொரு காலையும் விழிக்க வேண்டும். பல ஆட்டோமேட்டிக் கார்களில் பிரேக்கை முழுதாக மிதிக்காமல் வண்டி நிற்கும் அளவுக்கு மட்டும் மிதித்தால் என்ஜின் அணையாது, பொத்தானைத் தேடவே வேண்டாம். பேட்டரி மாற்றும்போது மட்டும் கவனம். அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஏ.ஜி.எம். வகை இருந்த இடத்தில் சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் செத்துவிடும். லம்போர்கினி அவென்டடாரில் இந்த வேலைக்கு சூப்பர் கெபாசிட்டர் வைத்தார்கள். வி12 180 மில்லி நொடியில் மறுபடி உயிர்பெறும்.

போர்ஷே 911-இன் பி.டி.கே. என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் வந்த மிதப்பு ஓட்டம் இதைவிடச் சுவாரசியமானது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கிளட்ச் விலகிக்கொள்ளும், என்ஜின் ஐட்லிங்குக்கு இறங்கும், கார் தன் வேகத்திலேயே மிதந்து போகும். கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் முழுதாகவே நின்றுவிடுமே, அதைவிட இது எப்படி மிச்சம் என்று கேட்கலாம். கியரில் இருந்தால் என்ஜின் காரைப் பிடித்து இழுக்கும், இழந்த வேகத்தைப் பிறகு பெட்ரோல் போட்டுத்தான் மீட்க வேண்டும். லேசான இறக்கத்தில், நீண்ட நேர் சாலையில் மிதப்பு ஜெயிக்கும். செங்குத்தான இறக்கத்திலும், நிற்கப் போகும் இடத்திலும் கியரில் இருப்பதே மேல். மலைச்சாலையில் வளைவுக்கு முன்னால் காலை எடுக்கும் ஓட்டுநர் என்ஜின் பிடிப்பை எதிர்பார்க்கிறார். அந்த நொடியில் கார் மிதந்தால் வயிறு ஒரு கணம் காலியாகும். ஸ்போர்ட் மோடில் போட்டால் இது வராது.

ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது

என் கணக்கில் இந்த விவகாரத்தின் முடிச்சு அவிழும் இடம் போர்ஷே 718. 2016-இல் பாக்ஸ்டர், கேமன் கார்களிலிருந்து ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போ வைத்தார்கள். 2.0 லிட்டர், 300 குதிரைத்திறன். எஸ் மாடலில் 2.5 லிட்டர், 350. முந்தியதைவிட வேகம், டார்க்கும் அதிகம், பெட்ரோல் குறைவு. தாளில் எல்லா எண்ணும் முன்னேற்றம். ஓட்டியவர்கள் ஏற்கவில்லை. சத்தம் போய்விட்டது என்றார்கள், டர்போ காற்றடைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். இதற்கு எந்த பிளக்கும் இல்லை. ஸ்கிப் ஷிஃப்டை இருபது டாலரில் தீர்க்கலாம், இல்லாத இரண்டு சிலிண்டரை எங்கே வாங்குவது?

2019-இல் கேமன் ஜிடி4-இலும் ஸ்பைடரிலும் டர்போ இல்லாத 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் வந்தது, 420 குதிரைத்திறன். அடுத்த வருடம் 400 குதிரைத்திறனில் ஜிடிஎஸ். மாசு விதிகள் இன்னும் இறுகிய பிறகு இது எப்படிச் சாத்தியமானது என்பதற்கான பதிலில் ஒரு பகுதி, ஓட்டுநர்கள் இத்தனை காலம் திட்டிவந்த அதே சிலிண்டர் அணைப்பு. 1,600 முதல் 3,000 ஆர்பிஎம்முக்குள், கேட்கும் டார்க் 100 நியூட்டன் மீட்டருக்குள் இருந்தால், ஒரு பக்கத்து மூன்று சிலிண்டருக்குப் பெட்ரோல் நின்றுவிடும். எரிப்பு வரிசை 1-6-2-4-3-5. ஒரு பக்கம் 1, 2, 3, மறுபக்கம் 4, 5, 6. மாறி மாறி எரிவதால் ஒரு பக்கத்தை முழுதாக அணைத்தாலும் மீதி மூன்றும் சம இடைவெளியில் விழும். ஒரே பக்கம் தொடர்ந்து அணைந்து கிடந்தால் அந்தப் பக்கத்து கேட்டலிடிக் கன்வர்ட்டர் குளிர்ந்து மாசைப் பிடிக்கும் சக்தியை இழந்துவிடும். அதற்காக 20 நொடிக்கு ஒருமுறை பக்கம் மாறும். கி.மீ.க்கு ஏறத்தாழ 11 கிராம் கார்பன் டை ஆக்சைடு குறைவதாகப் போர்ஷே கணக்குக் காட்டியது.

அந்த 11 கிராமைப் பற்றி ஓட்டுநர்களிடம் பெரிய எதிர்ப்பு எழவில்லை. கூர்ந்து கேட்டால் நெடுஞ்சாலையில் சுருதி லேசாக மாறுவது தெரியும், தெரிந்தவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். இங்கே அந்த ஏற்பாடு எதையும் பறிக்கவில்லை, பறிபோனதைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தது. கையை வேறு கியருக்குத் தள்ளவில்லை, வளைவில் பிடிப்பை விடவில்லை. ஓட்டுநர் எதுவும் கேட்காமல் சும்மா போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் தன் பங்கை வசூலித்துக்கொள்கிறது. கார்வெட் குமிழைத் தானே திருப்பிய மேனுவல்காரரின் நிம்மதியும் இதே வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்த ஏற்பாடும் வேண்டாம், வரியைக் கட்டிவிடுகிறேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2023 கார்வெட் இசட்06-இன் 5.5 லிட்டர் வி8-இல் சிலிண்டர் அணைப்பே கிடையாது. 670 குதிரைத்திறன், விலைப்பட்டியலில் கேஸ் கஸ்லர் வரி தனி வரியாக வரும். அதை வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் கேட்டால் கை ஜிடி4-ஐத்தான் காட்டும். நெடுஞ்சாலையில் மூன்று சிலிண்டரில் சிக்கனமாகப் போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் சாலை காலியாகிறது, வலது கால் அரை அங்குலம் இறங்குகிறது, 100 நியூட்டன் மீட்டர் தாண்டிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. அங்கிருந்து 8,000 ஆர்பிஎம் வரை ஆறும் எரியும்.